ஈரக் குப்பை

அன்புள்ள ஐயா,
சென்னை கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை வேண்டாம் என்று போராடுகிறார்கள். நம் திருநெல்வேலி ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு கோடையில் சும்மாவே பற்றி எரிகிறது. வீணாக எரிவதில் கரண்ட் எடுத்தால் என்ன தப்பு? ஜெர்மனியில் எடுக்கிறார்களே?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

ஜெர்மனியை விடுங்கள். அங்கே குப்பைக்கு வருகிற சாமான் வேறு.

போன வாரம் பாளையில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்ததும் இலை எடுக்கிற அம்மா, மடித்திருந்த இலை ஒன்றைப் பிரித்துக் காட்டினார். பாதிச் சோறு, ரசத்தில் ஊறிய அப்பளம், நடுவில் ஐஸ்கிரீம் கப், தண்ணீர் பாட்டில். “எல்லாத்தையும் சேத்துச் சுருட்டிட்டுப் போயிருதாங்கய்யா, நான் எதைன்னு பிரிப்பேன்?” என்றார். அது மனதில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

அந்த இலையை எரிக்க வேண்டும் என்கிறீர்கள். சேரன்மகாதேவியில் எங்கள் ஆச்சி ஐப்பசி அடைமழையில் ஈர விறகை அடுப்பில் வைக்கவே மாட்டாள். அடுப்பைச் சுற்றி அடுக்கி, இரண்டு நாள் காயவிட்டுத்தான் எடுப்பாள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் வேண்டும். நம் நகரத்துக் குப்பையில் ஏறத்தாழ பாதி சமையலறைக் கழிவு. ஆக, தீயின் முதல் வேலை ரசத்தை வற்றவைப்பது. டெல்லி திமார்பூரில் டென்மார்க் உதவியோடு, நாளுக்கு 300 டன் எரிக்க 1987இல் ஓர் ஆலை கட்டினார்கள். 3.75 மெகாவாட் வரும் என்றார்கள். 21 நாள் ஓடியது. குப்பையில் சூடு போதவில்லை, மூடிவிட்டார்கள். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளே, மறுசுழற்சிக்கு ஆகாத, எரித்தால் கிலோவுக்கு 1,500 கிலோகலோரியாவது சூடு தருகிற குப்பையைத்தான் இதற்குச் சொல்லின. படித்த பிள்ளை நீங்கள், இதைத் தேடிப் பார்க்காமல் ஆலை கேட்கலாமா?

ஈரத்துக்கு வேறு வழி இருக்கிறது. இந்தூரில் 2022இல் திறந்த ஆலை, பிரித்து வருகிற ஈரக் கழிவு 550 டன்னைக் காற்றுப் புகாத தொட்டியில் புளிக்கவைத்து நாளுக்கு 17 டன் எரிவாயு எடுக்கத் திட்டமிட்டது. அதில் பஸ் ஓடுகிறது. எடுத்தது போக மிஞ்சுவது உரம். ஆனால் அங்கே வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குகிறார்கள். பிரிக்காத ஊரில் அந்தத் தொட்டியும் நாறும்.

எங்கள் ஊரில் ‘வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?’ என்றால் உரம் போட்டாயிற்றா என்று அர்த்தம். சாணம், சாம்பல், காய்த் தோல், எச்சில் இலை எல்லாம் தொழுவத்துப் பின்னால் குழியில் மக்கும். கார் நடவுக்கு முன்னால் வண்டி வண்டியாகக் கன்னடியன் கால்வாய் ஓரத்து வயலுக்குப் போகும். கண்ணாடிச் சில் ஒன்று அந்தக் குழியில் விழுந்துவிட்டால் ஆச்சி கைவிட்டுத் துழாவி எடுத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள். வயலில் மிதிக்கப் போவது யார் கால் என்று அவளுக்குத் தெரியும். குப்பை என்ற அந்த நல்ல வார்த்தையை நாசமாக்கினது நாம்தான் தம்பி, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ராமையன்பட்டி பற்றி எரிவதை எழுதியிருந்தீர்கள். கலந்து கிடக்கிற குப்பை மலையில் ஈரம் அழுகி மீத்தேன் என்கிற எரியும் வாயு வருகிறது, பிளாஸ்டிக் பக்கத்திலேயே கிடக்கிறது, ஒரு பொறி போதும்.

கோபமாக எழுதிவிட்டேன். நீங்கள் அக்கறையோடு கேட்டது தெரிகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். புறவாசலில் வாழை மூட்டில் சின்னதாக ஒரு குழி வெட்டியிருக்கிறேன். இப்போதுதான் மக்கத் தொடங்கியிருக்கிறது.