மாப்பிள்ளை முறுக்கும் மெக்லெல்லனின் குதிரைகளும்

கேள்வி: ஆறு லாரி வைத்துத் தொழில் செய்கிறேன். நிர்வாகம் முழுக்கத் தங்கை வீட்டுக்காரர் கையில். ஆட்கள் எதிரிலேயே என்னை மட்டம் தட்டுகிறார். போன மாதம் பேசலாம் என்று வீட்டுக்குப் போனேன். ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, 'அப்பா தூங்கிட்டாரு மாமா' என்று மருமகனை விட்டுச் சொல்ல வைத்தார். (இரண்டு வண்டி ஆயுத பூஜையிலிருந்து ஷெட்டில் நிற்கிறது, டிரைவர்களுக்கு இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, அது வேறு விஷயம்.) தன்னை அவமதித்த ஜெனரல் மெக்லெல்லனுக்காகக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நிற்கவும் தயார் என்றாராம் ஆபிரகாம் லிங்கன். நானும் அப்படித்தான் பொறுத்துப் போகிறேன். சரிதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அது எப்படி ஐயா வேறு விஷயம் ஆகும்? மாப்பிள்ளை முறுக்கு பற்றி எனக்கு வந்த கடிதங்களை எடைக்குப் போட்டாலே ஒரு மாதக் காய்கறிச் செலவு தேறும். அதைப் படித்து எனக்கு மனசு கரையவில்லை. அடைப்புக்குறிக்குள் நீங்கள் ஒளித்து வைத்த ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டீர்கள்.

லிங்கனை நீங்களே இழுத்துவிட்டீர்கள், சரி, அவரையே பார்ப்போம். அப்போது அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். லிங்கன் ஜனாதிபதி, மெக்லெல்லன் அவருடைய படைத் தளபதி. 1861 நவம்பர் 13 இரவு நடந்தது உங்கள் கதையேதான். லிங்கன், வெளியுறவு அமைச்சர் சீவார்ட், செயலாளர் ஜான் ஹே மூவரும் மெக்லெல்லன் வீட்டுக்குப் போகிறார்கள். அவர் ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் கழித்து வந்தவர், ஜனாதிபதி காத்திருக்கிறார் என்று வேலையாள் சொல்லியும் அந்த அறையைத் தாண்டி மாடிக்குப் போய்விட்டார். இன்னும் அரை மணி நேரம். ஆள் விட்டுக் கேட்டால், படுக்கப் போய்விட்டார் என்று பதில். ஹேவுக்குக் கொதித்தது, டைரியில் எழுதி வைத்தார். இந்த நேரத்தில் மரியாதை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று லிங்கன் விட்டுவிட்டார்.

ஆனால் அந்தக் குதிரைப் பேச்சில் பாதியை நீங்கள் முழுங்கிவிட்டீர்கள். வெற்றியைக் கொண்டுவந்தால் போதும், குதிரையைப் பிடித்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதாகத்தான் பேச்சு. மெக்லெல்லன் கொண்டுவந்தாரா? 1862 செப்டம்பர் 17, ஆன்டீட்டம் சண்டை. ஒரே நாளில் இரு தரப்பிலுமாக ஏறக்குறைய 23,000 பேர் செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். எதிரித் தளபதி லீயின் படை பொட்டோமாக் ஆற்றைத் தாண்டித் தப்பியது. துரத்த வேண்டியவர் ஒரு மாதத்துக்கு மேல் அசையவே இல்லை. குதிரைகளுக்கு நாக்குப் புண், களைப்பு என்று தந்தி அனுப்பினார். ஆன்டீட்டத்துக்கு அப்புறம் களைத்துப்போகிற மாதிரி உங்கள் குதிரைகள் என்ன செய்தன என்று லிங்கன் திருப்பிக் கேட்டார். நவம்பரில் மெக்லெல்லன் பதவி போனது. உங்கள் மாப்பிள்ளை அந்த இரண்டு வண்டிக்கு என்ன காரணம் சொல்கிறார்? டயரா, எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றா? நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

லிங்கனை அதற்கு முன்பே அவமதித்த இன்னொருவர் ஸ்டான்டன். 1855-ல் சின்சினாட்டியில் அறுவடை இயந்திரக் காப்புரிமை வழக்கு ஒன்று. இருவரும் ஒரே கட்சிக்காரரின் வக்கீல்கள். லிங்கனை ஒரு வக்கீலாகவே ஸ்டான்டன் மதிக்கவில்லை. அவரைத்தான் 1862 ஜனவரியில் போர் அமைச்சராக்கினார் லிங்கன். அதுவரை அந்தப் பதவியில் இருந்தவர் சைமன் கேமரன். அவர் காலத்தில் ராணுவக் கொள்முதலில் ஏகப்பட்ட ஊழல் புகார். தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுகிற மாதிரி அவரை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பியாயிற்று. ஸ்டான்டன் முரடர், ஆனால் கறார். வேலை நடந்தது, கடைசி வரை இருந்தார். நிதி அமைச்சர் சேஸ் லிங்கனின் நாற்காலிக்கே ஆசைப்பட்டவர். கஜானா ஓட வேண்டியிருந்தவரை, அதாவது 1864 ஜூன் வரை, அவரையும் வைத்துக்கொண்டார்.

உங்களுக்கு நேர்ந்த அவமானத்தை நீங்கள் விழுங்கலாம், அது உங்கள் தொண்டை. டிரைவர் வீட்டு உலையில் அரிசி போடாமல் 'நான் பொறுத்துக்கொள்கிறேன்' என்கிறீர்களே, பொறுத்துக்கொண்டிருப்பது நீங்களா, அந்த டிரைவர் பெண்டாட்டியா?

தங்கை வாழ்க்கையை நினைத்துத்தான் என்று அடுத்த கடிதம் போடுவீர்கள். தங்கைக்குக் கடைசி வரை அண்ணன் செய்ய வேண்டும், இதில் நான் பழைய காலத்து ஆள். தாராளமாகச் செய்யுங்கள், உங்கள் சட்டைப் பையிலிருந்து. ராத்திரி முழுக்க ஸ்டியரிங் பிடித்தவன் கூலியில் எந்த அண்ணனும் சீர் செய்யக் கூடாது.

வருகிற சனிக்கிழமைக்குள் ஒரு வண்டியை விற்றாவது பாக்கியைத் தீருங்கள். அப்புறம் மாப்பிள்ளையை ஷெட்டுக்கு வரச் சொல்லி டிரிப் ஷீட்டைக் கேளுங்கள். வரவில்லை என்றால் வீட்டுக்கே போங்கள். அப்பா தூங்குகிறார் என்று மருமகன் திரும்பவும் வந்து நின்றால், அந்தப் பிள்ளையிடம் பதில் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களே உள்ளே போய் எழுப்புங்கள்.