43 நோக்கங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூர் மாவட்டத்தில் எங்கள் ஊரில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு நூலகமும், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும் நடத்திவருகிறோம். சங்கமாகப் பதிவுசெய்யலாம் என்று ஒரு பத்திர எழுத்தரிடம் போனோம். அவர் தந்த மாதிரியில் 43 நோக்கங்கள் இருக்கின்றன. முதியோர் இல்லம், கோசாலை, ஆம்புலன்ஸ், திருமண மண்டபம் எல்லாம் உண்டு. கடைசி வரி ‘மற்றும் சங்கத்துக்கு நன்மை தரக்கூடிய எல்லாக் காரியங்களையும் செய்தல்’. “பின்னாடி எதுவும் விட்டுப்போச்சுன்னு வரக் கூடாது, இருந்துட்டுப் போகட்டும்” என்கிறார்.

இதற்கிடையே ஒரு தனியார் கம்பெனி சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதியில் நூலகக் கட்டடம் கட்டித்தர முன்வந்திருக்கிறது. அவர்கள் அனுப்பிய ஒப்பந்த வரைவில், சங்கத்தின் பணிகள் என்ற தலைப்பில் ‘கம்பெனி அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்’ என்று ஒரு வரி இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? நோக்கங்களை எப்படித்தான் எழுதுவது?

ஒரு வாசகர்

---

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு தாள்களிலும் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். பத்திர எழுத்தர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் நோக்கத்தையும் அதிகாரத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார். தமிழ்நாட்டில் பதிவாகும் சங்கப் பத்திரங்களில் பெரும்பாலான சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

நோக்கம் என்பது சங்கம் எதற்காக இருக்கிறது என்பது. செயற்பாடு என்பது அதை எந்த வழியில் நிறைவேற்றப் போகிறது என்பது. அதிகாரம் என்பது அந்த வேலைக்குக் கைவசம் உள்ள கருவி: இடம் வாங்குவது, வாடகைக்கு எடுப்பது, வங்கிக் கணக்குத் தொடங்குவது, ஆள் நியமிப்பது, நன்கொடை பெறுவது, கடன் வாங்குவது. ‘நிலம் வாங்குதல்’ என்பதை நோக்கங்களின் வரிசையில் போட்டால், நிலம் வாங்குவதற்காகவே இருக்கும் சங்கம் என்று பொருளாகிவிடும். உங்கள் 43-ஐ உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் அதிகாரங்களாகவும் செயற்பாடுகளாகவும் கழன்று விழும். மிச்சத்தில் நீங்கள் உண்மையிலேயே செய்யப்போவது மூன்றோ நான்கோதான்.

கடைசி வரி எல்லாவற்றையும் காப்பாற்றும் என்ற நம்பிக்கைக்கு, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கே பதில் சொல்கிறது. யுனைடெட் இந்தியா லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியின் பங்குதாரர்கள் 1955-இல் கூடி, ஓர் அறக்கட்டளைக்கு 2 லட்சம் ரூபாய் நன்கொடை தரத் தீர்மானித்தார்கள். காப்பீடு உட்படத் தொழில் அறிவை வளர்ப்பதும் அந்த அறக்கட்டளையின் நோக்கங்களில் அடங்கும். நல்ல காரியம், பங்குதாரர் ஒப்புதலும் இருந்தது. அடுத்த ஆண்டு ஆயுள் காப்பீடு தேசியமயமானது. எல்.ஐ.சி. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டது. இயக்குநர்கள் கம்பெனியின் அமைப்புப் பத்திரத்தில் இருந்த பொது வரியைக் காட்டினார்கள்: நோக்கங்களை அடையத் துணைசெய்யும் பிற எல்லாவற்றையும் செய்யலாம் என்று அதில் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1962 டிசம்பரில் அதை ஏற்கவில்லை. துணைசெய்யும் காரியம் என்றால் எழுதப்பட்ட நோக்கம் ஒன்றோடு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் பங்குதாரர் எல்லாரும் கைதூக்கினாலும் செல்லாது என்றது. இயக்குநர்கள் சொந்தப் பொறுப்பில் பணத்தைத் திருப்பித்தர வேண்டியதாயிற்று. அது கம்பெனி வழக்குதான். ஆனாலும் நோக்கத்தை மீறிச் செலவிட்டால் நிர்வாகிகளின் சொந்தக் கை சுடும் என்ற அடிப்படை உங்களுக்கும் பொருந்தும். அறக்கட்டளை என்றால் இன்னும் கடுமை.

நேர் எதிரான தவறும் உண்டு. மிகப் பெரிய, மிக அழகான சொல்லைப் போட்டுவிடுவது. ‘தர்ம காரியங்கள் செய்தல்’ என்று நம் ஊரில் எத்தனை பத்திரங்கள் இருக்கும்! பம்பாயிலிருந்து போன வழக்கு ஒன்றில், ‘தர்மத்துக்கு’ என்று மட்டும் உயிலில் எழுதிவைத்த சொத்தைப் பற்றி 1899-இல், அன்று இந்திய வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. தர்மம் என்ற சொல்லுக்கு அகராதியில் சட்டம், நற்குணம், கடமை என்று பல பொருள் இருக்கின்றன, எதைச் செய்யச் சொல்கிறார் என்று எந்த நீதிமன்றமும் கண்காணிக்க முடியாது, ஆகவே அந்த ஏற்பாடு செல்லாது என்றது. ‘சமூக முன்னேற்றம்’, ‘பொது நன்மை’, ‘மக்கள் சேவை’ எல்லாம் இதே ஜாதிச் சொற்கள். முன்னுரையில் இருந்தால் தொல்லையில்லை. நோக்கப் பத்தியில் தனித்து நிற்கக் கூடாது.

ஒரு ‘அல்லது’ போதும் கெடுப்பதற்கு. இங்கிலாந்தில் கேலப் டிப்ளாக் என்பவர் தம் சொத்தை ‘அறம் அல்லது நற்செயல்’ காரியங்களுக்குத் தரும்படி உயில் எழுதினார். அறம் என்றால் சட்டத்துக்கு வரையறை தெரியும். நற்செயலுக்கு எல்லையே கிடையாது. ‘அல்லது’ போட்டதால் எல்லாப் பணத்தையும் நற்செயல் பக்கம் தள்ளிவிட இடமிருக்கிறது என்று கண்டு, 1944-இல் அந்நாட்டின் அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை அந்த ஏற்பாட்டையே செல்லாததாக்கியது. அதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட அறநிறுவனங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. உறவினர்கள் வழக்குப் போட்டு அவற்றிடமிருந்து திரும்ப வாங்கினார்கள்.

தமிழில் நமக்கு வேறு கண்ணிகள். ‘ஏழை மற்றும் மாணவர்களுக்கு உதவுதல்’ என்று எழுதுகிறார்கள். ஏழை மாணவர்களா, ஏழைகளும் எல்லா மாணவர்களுமா? ‘ஏழை மாணவர்களுக்கு’ என்றால் அப்படியே எழுதுங்கள். இரண்டு கூட்டம் என்றால் ‘ஏழைகளுக்கும், பள்ளி மாணவர்களுக்கும்’ என்று உம்மையைப் பிரித்துப் போடுங்கள். ‘முதலிய’, ‘போன்ற’, ‘இன்ன பிற’ ஆகியவற்றுக்கு நீதிமன்றம் முன்னால் வரும் சொற்களின் இனத்தையே பொருளாகக் கொள்ளும். ‘புத்தகம், நோட்டு, பேனா முதலியன வழங்குதல்’ என்ற வரியை வைத்துக்கொண்டு கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாது. ‘ஊக்குவித்தல்’, ‘பாடுபடுதல்’ என்ற வினைகளைத் தவிருங்கள். நடத்துதல், வழங்குதல், பயிற்றுவித்தல், வெளியிடுதல் என்று ஆண்டறிக்கையில் செய்ததாகக் காட்டக்கூடிய வினை வேண்டும்.

இனி எழுதும் முறை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, எந்தெந்த நோக்கத்துக்குச் சங்கம் பதியலாம் என்று பட்டியல் தருகிறது: கல்வி, இலக்கியம், அறிவியல், சமயம், அறம், சமூகச் சீர்திருத்தம், கலை, கைவினை, குடிசைத் தொழில், விளையாட்டு, பொதுச் சுகாதாரம், சமூக சேவை, பயனுள்ள அறிவைப் பரப்புதல் என்று போகிறது அது. உங்கள் ஒவ்வொரு நோக்கமும் இதில் எதன்கீழ் வருகிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். எதன்கீழும் வராதது வெட்டப்பட வேண்டியது. ஆள் கணக்கில் உங்களுக்குக் குறையில்லை. குறைந்தது ஏழு பேர் போதும்.

நூலகத்துக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘தஞ்சாவூர் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும், சாதி, மத, பால் வேறுபாடு இல்லாமல் பொதுமக்கள் அனைவரும் பயன்படுத்தும் நூலகங்களையும் படிப்பகங்களையும் அமைத்து நடத்துதல்.’

இதில் இல்லாதவற்றைக் கவனியுங்கள். உங்கள் ஊரின் பெயர் இல்லை. இருந்தால் பக்கத்து ஊரில் கிளை வைக்கும்போது பத்திரம் குறுக்கே நிற்கும். ‘இலவசமாக’ என்பதும் இல்லை. இன்று நீங்கள் காசு வாங்காமல் நடத்தலாம். நாளை புத்தகம் தொலைவதைத் தடுக்க 100 ரூபாய் முன்பணம் வாங்க நேர்ந்தால், நோக்கத்தில் உள்ள ‘இலவசம்’ உங்களை மீறியவர்களாக ஆக்கும். கட்டணம் பற்றியது பைலா என்ற சங்க விதிகளிலோ ஆண்டுத் தீர்மானத்திலோ இருக்க வேண்டிய சங்கதி. கருவியின் பெயரும் இல்லை. தட்டச்சுப் பயிற்சி என்று நோக்கத்தில் எழுதியவர்கள் கணினி வந்தபோது பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை வகுப்புக்கும் இப்படியே: ‘பத்தாம் வகுப்பு’ வேண்டாம், ‘பள்ளி மாணவர்களுக்குப் பாடங்களில் துணை வகுப்புகள் நடத்துதல்’ போதும்.

அதிகாரங்களைத் தனிப் பத்தியாக, ‘மேற்கண்ட நோக்கங்களை நிறைவேற்றுவதற்காக மட்டும்’ என்ற தலைவரியின்கீழ் எழுதுங்கள். ‘மட்டும்’ விட்டுப்போகக் கூடாது. கடன் வாங்கும் அதிகாரத்தையும் அசையாச் சொத்தை விற்கும் அதிகாரத்தையும் செயற்குழுவிடம் விடாமல் பொதுக்குழுவின் ஒப்புதலோடு கட்டிவையுங்கள்.

வருமான வரிப் பக்கம் இன்னொரு கண் இருக்கட்டும். வரி விலக்குக்கான ‘அறநோக்கம்’ என்பதில் ஏழைகளுக்கு உதவி, கல்வி, யோகா, மருத்துவ உதவி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு, கலை, வரலாற்றுச் சின்னங்களின் பாதுகாப்பு, இவற்றில் சேராத பிற பொதுப் பயன் என்று வகைகள் உண்டு. நூலகம் கல்விதானே என்று நினைப்பீர்கள். லோக சிக்ஷண டிரஸ்ட் வழக்கில் 1975-இல் உச்ச நீதிமன்றம் கல்வி என்பதை முறையாகக் கற்பித்தல், பயிற்றுவித்தல் என்று குறுக்கியது. பத்திரிகை நடத்தி மக்களுக்கு அறிவூட்டுவது அதில் சேராது என்றது. ஆகவே உங்கள் நூலகத்தைப் ‘பிற பொதுப் பயன்’ என்று அதிகாரிகள் வகைப்படுத்த வாய்ப்பு அதிகம். அந்த வகையில் ஒரு நிபந்தனை இருக்கிறது: வணிகத் தன்மையுள்ள வரவு, அந்த ஆண்டின் மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. திருமண மண்டபத்தை நோக்கமாக எழுதி வாடகையும் வாங்கினால் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2022 அக்டோபர் 19-இல் நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் வந்த தீர்ப்பைச் சொல்லி யாராவது உங்களைப் பயமுறுத்தலாம். கல்வி நிறுவனம் என்ற தனி விலக்கைக் கேட்பவர்களின் பத்திரத்தில் கல்வியைத் தவிர வேறு நோக்கமே இருக்கக் கூடாது என்றது அது. முதன்மை நோக்கம் கல்வியாக இருந்தால் போதும் என்ற பழைய அளவுகோல் அன்றோடு போயிற்று. உங்களைப் போன்ற சங்கம் வருமான வரித் துறையிடம் பொதுவான அறநிறுவனப் பதிவைத்தான் கேட்கப் போகிறது. அதில் பல அறநோக்கங்கள் இருக்கலாம். பின்னாளில் பள்ளிக்கூடம் தொடங்கும் எண்ணம் வந்தால் அதற்குத் தனி அமைப்பு வையுங்கள்.

இன்னும் சில சில்லறைகள், ஆனால் விட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். ‘எங்கள் சமூகத்து மாணவர்களுக்கு’ என்று ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் எழுதினால் விலக்குப் போய்விடும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கென எழுதுவது இந்தத் தடையில் வராது. செலவு இந்தியாவுக்குள் என்று இருக்கட்டும். வரவை உறுப்பினர் பங்குபோடக் கூடாது, சங்கம் கலைந்தால் மிச்சச் சொத்து இதே நோக்கமுள்ள இன்னோர் அமைப்புக்குப் போக வேண்டும் என்று இரண்டு வரிகள் அவசியம். பிரிவு எண்களைப் பத்திரத்தில் எழுத நேர்ந்தால் ‘அல்லது அதற்கு ஈடாக அப்போது நடைமுறையில் உள்ள பிரிவு’ என்று சேருங்கள். அறநிறுவனப் பதிவுக்கான பிரிவு 12ஏ, 12ஏஏ, 12ஏபி என்று மாறிக்கொண்டே வந்தது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வரும் 2025-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் எண்களே வேறு.

விட்டுப்போனால் என்ன செய்வது என்ற பயத்துக்கு வருகிறேன். சங்கத்தில் அதற்கு வழி இருக்கிறது. முறைப்படி அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டி, சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்தைப் பதிய வேண்டும். அறநிறுவனப் பதிவு பெற்ற பிறகு நோக்கத்தை மாற்றி, அது பதிவின் நிபந்தனைகளோடு ஒத்துப்போகாவிட்டால், 30 நாளுக்குள் வருமான வரித் துறையிடம் புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். இது 43-ஐச் சுமப்பதைவிட எளிது. அறக்கட்டளையாகப் பதிந்திருந்தால் இந்த வசதி இல்லை. பொது அறக்கட்டளையின் நோக்கத்தை அறங்காவலர்கள் தாங்களாகத் திருத்த முடியாது. மூல நோக்கத்தை நிறைவேற்ற முடியாமல் போனால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம்தான் அதற்கு நெருங்கிய வேறு நோக்கத்தைக் காட்ட வேண்டும். நீங்கள் சங்கம் என்று முடிவுசெய்தது நல்லது.

கம்பெனியின் ஒப்பந்தம். ‘அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்’ என்ற வரியை அடியுங்கள். அது இருந்தால் கம்பெனி தன் விளம்பர ஊர்வலத்துக்கும் உங்கள் பிள்ளைகளைக் கூப்பிடலாம். விளம்பரப் பயனுக்காகத் தரும் ஆதரவு சி.எஸ்.ஆர். செலவாகாது என்று விதியே சொல்வதால், அந்த வரி அவர்களுக்கும் ஆகாது. ஒப்பந்தத்தில் சங்கத்தை அறிமுகப்படுத்தும் இடத்தில் புதிதாக வருணிக்காமல், பதிவு எண், நாள், பதிவான நோக்கங்களை எழுத்து மாறாமல் எடுத்து வையுங்கள். இரண்டு தாளில் இரண்டு விதமாக நோக்கம் இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும். சங்கத்தின் பணி என்ன என்பதை இணைப்பில் அளவோடு எழுதுங்கள்: எத்தனை சதுர அடிக் கட்டடம், எத்தனை தவணை, எந்தக் கட்டத்தில் எந்தத் தவணை, எந்தத் தேதிக்குள் செலவுச் சான்று, கட்டி முடித்தபின் பராமரிப்பு யாருடையது. ‘செய்ய வேண்டும்’ எது, ‘செய்யலாம்’ எது என்று வினைமுற்றைப் பார்த்துப் பார்த்துப் போடுங்கள். இரு மொழியில் கையெழுத்தானால் முரண்படும்போது எந்த மொழி நிற்கும் என்றும் சொல்லிவிடுங்கள்.

கட்டடம் யார் பெயரில் என்பதை வரைவு சொல்கிறதா? சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் நிலையான சொத்து கம்பெனியின் பெயரில் இருக்க முடியாது. அறநோக்கமும் சி.எஸ்.ஆர். பதிவு எண்ணும் உள்ள சங்கம் அதை வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைப் பெற அறநிறுவனப் பதிவும், நன்கொடையாளருக்கு வரி விலக்குத் தரும் ஒப்புதலும் (1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி) முதலில் வேண்டும். அதோடு, கம்பெனிகள் தாங்களே தொடங்காத சங்கத்தின் வழியாகச் செலவிட, அந்தச் சங்கத்துக்கு இதேவகைப் பணியில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் இருக்க வேண்டும் என்பது விதி. நாளை பதியப்போகும் சங்கத்துக்கு இதை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வந்த பிறகு கட்டடத்தைப் பற்றிப் பேசலாம். நூலகத்தின் வருகைப் பதிவேடு, புத்தக இருப்புப் பதிவேடு, மாலை வகுப்பின் பெயர்ப் பட்டியல் மூன்றையும் இப்போதிருந்தே தேதி போட்டு எழுதிவாருங்கள்.

அன்புடன்