டாட்டூ கலைஞராக ஆசை: 16 வயதில் மெஷின் வாங்கலாமா?

பதினோராம் வகுப்பு படிக்கிறேன், டாட்டூ கலைஞராக வேண்டும், இப்போதே மெஷின் வாங்கிப் பழகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசை நல்ல ஆசை. மெஷின் மட்டும் இப்போது வேண்டாம்.

முதலில் கோடு. பென்சிலை விட்டுவிட்டு பேனாவால், ஒரே இழுப்பில் வரைந்து பழகுங்கள். வீட்டில் யாராவது சிக்குக் கோலம் போடுவார்களா? அவர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். புள்ளிகளைச் சுற்றிக் கை எடுக்காமல் ஓடும் அந்தக் கோடு அருமையான பயிற்சி. நம் பாட்டிமார் கையில் குத்தியிருந்த பச்சையிலும் கோல வடிவங்கள் உண்டு.

அடுத்து தோல். மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருக்கும். மை நிலைப்பது அதற்குக் கீழே உள்தோலில், சுமார் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில். ஊசி மேலோடு நின்றால் மை போய்விடும். ஆழமாக இறங்கினால் கோடு கசிந்து மங்கும், தழும்பும் விழலாம். இந்த அளவு கைக்குப் பிடிபட, பின்னாளில் செயற்கைத் தோலில் நிறையப் பழக வேண்டியிருக்கும்.

நண்பன் கையை நீட்டினாலும் தயவுசெய்து குத்தாதீர்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் ரத்தம் பட்ட ஊசியால் பரவும். 18 ஆனதும் நல்ல ஸ்டூடியோவில் உதவியாளராகச் சேருங்கள். சேருமுன், வாடிக்கையாளர் கண்ணெதிரே புது ஊசிப் பாக்கெட்டைப் பிரிக்கிறார்களா என்று பாருங்கள்; இல்லையென்றால் வேறு இடம் தேடுங்கள்.