ஸ்கூல் விட்டு வந்ததும் பாக்கெட் சிப்ஸ் தான் வேணும்ங்கிற பிள்ளைய நல்ல தீனி பக்கம் எப்படித் திருப்புறது?

கேட்டவங்க பையனுக்கு 7 வயசாம், சாயங்காலம் பாக்கெட் இல்லாட்டி ஒரே அழுகையாம், பழம் சுண்டல் எதையும் தொடுறதில்லையாம், திட்டாம அடிக்காம அவனா நல்லத எடுத்துத் திங்க என்ன வழிண்டு கேட்டிருக்காங்க.

மொதல்ல ஒரு உண்மைய சொல்லிருறேன், உங்க பையனுக்கு அந்த பாக்கெட்ட விக்கிற கட்சிக்காரன் தான் நான். செல்லூர்ல சின்ன மளிகைக் கடை, பதினோரு வருசமாச்சு. நாலேகாலுக்கு ஸ்கூல் விட்டா அடுத்த அரை மணி நேரம் கடை வாசல்ல கால் வைக்க எடம் இருக்காது. ஸ்கூல்ல இருந்து 50 மீட்டருக்குள்ள கொழுப்பு, உப்பு, சீனி அதிகமான ஐட்டத்த பிள்ளைகளுக்கு விக்கக் கூடாதுண்டு 2020லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் ரூல் போட்டிருச்சு, என் கடை அதத் தாண்டி இன்னும் தள்ளி இருக்கு, அதனால சட்டப்படி நான் சுத்தம், ஆனா ஸ்கூல் விட்டு ஓடியார பயலுக்கு அம்பது மீட்டரெல்லாம் ஒரு தூரமா சொல்லுங்க.

கல்லாவுல உக்காந்து பாத்ததுல எனக்குப் பிடிபட்டது இது தான், பிள்ளைக எதையும் யோசிச்சு வாங்குறதில்ல. அஞ்சு ரூவாய கைக்குள்ள பொத்திக்கிட்டு வருவாங்க, கண்ணுக்கு நேரா எது தொங்குதோ அத இழுப்பாங்க, அம்புட்டு தான். சரம் சரமா தொங்கவிடுறது சும்மா அழகுக்கு இல்ல. கடை கடையா சிப்ஸ் ஆர்டர் எடுக்க வர்ற கம்பெனித் தம்பியே "அண்ணே இன்னும் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்கண்ணே" ண்டு சொல்லி கம்பியையும் அவரே மாட்டிட்டுப் போயிருவாரு. எறக்கிக் கட்டுன உயரம் எம்புட்டுண்டு நெனைக்கிறீங்க, கரெக்டா ரெண்டாப்பு பிள்ளையோட மூக்கு உயரம்.

இம்புட்டும் தெரிஞ்ச நான் என் வீட்டுல பண்ணுன கூத்த கேளுங்க. என் மக இப்ப மூணாப்பு. ஒண்ணாப்பு படிக்கும்போது திடீர்ண்டு எனக்கு ஞானம் வந்து, இனிமே கடைப் பண்டம் கிடையாது, வெறும் பழம் பயறு தான்ண்டு சட்டம் போட்டேன். அவளும் சரிப்பாண்டு தலையாட்டிட்டா, எனக்கு ஒரே பெருமை, கடைக்கு வர்றவங்கட்டெல்லாம் சொல்லிக்கிட்டு திரிஞ்சேன். ஆயுத பூஜைக்கு கடைய ஒதுங்க வைக்கிறப்ப பூண்டு மூட்டைய நகட்டுனா, பின்னாடி காலி பாக்கெட்டு. சும்மா கசக்கிப் போடல, ஒவ்வொண்ணையும் மடிச்சு மடிச்சு சமோசா மாதிரி குட்டி முக்கோணமா ஆக்கி, சந்துல வரிசையா சொருகி வச்சிருக்கா, எண்ணிப் பாத்தா பதினேழு. எனக்கு கோவம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். நான் சத்தம் போட வாயத் தொறக்குறதுக்குள்ள அவ அம்மாச்சி, அதான் என் மாமியா, "பிள்ளைக்கு பசிக்குது மாப்ள, நீங்க அதுக்கு பாடம் எடுத்துக்கிட்டு இருக்கீங்க"ண்டு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாங்க.

அப்புறம் தான் கணக்கு போட்டேன். மதியச் சோறு ஸ்கூல்ல 12.15க்கு, அதுலயும் பாதிய கொட்டிட்டு வர்றா, வீடு வந்து சேர நாலரை. நாலு மணி நேரத்துக்கு மேல வயிறு காலி, நமக்கே அந்நேரம் வடை கடை வாசம் அடிச்சா கால் நிக்காது. அந்த பசில ஒரு பிள்ளைகிட்ட "நல்லத எடு"ண்டு சொன்னா அது எப்படி எடுக்கும்? அதனால கேள்வியே கேக்குறதில்லண்டு வச்சோம், பைய கீழ வைக்கும்போதே தட்டு ரெடியா இருக்கணும். அவிச்ச கடலை, சீனிக்கிழங்கு, சோளக்கதிர், கொய்யா கீத்து போட்டு லேசா மொளகாப்பொடி உப்பு. பொங்கல் சமயம் பனங்கிழங்கு, சித்திரைல நுங்கு. பனங்கிழங்க அவளே நாரு உரிச்சு ரெண்டா பொளந்து நடுக்குச்சிய உருவி எடுக்கணும், அந்த வேலைக்காகவே தின்பா. சிறுமலைப் பழம் கிடைச்சா விட்றாதீங்க, புவிசார் குறியீடெல்லாம் வாங்குன பழம், விலை கூட தான், தோலு சுருங்கிருச்சேண்டு தூக்கிப் போட்றாதீங்க, அது சுருங்கினா தான் ருசி.

முக்கியமா "சத்து" ங்கிற வார்த்தைய வீட்டுல தடை பண்ணிட்டோம். சத்தானதுண்டு சொன்ன ஒடனே பிள்ளைகளுக்கு கசாய வாசம் அடிச்சிருது.

எல்லாம் ஒடனே நடந்துருச்சுண்டு நெனைக்காதீங்க. பாசிப்பயறு சுண்டல் ஒரு ஏழெட்டு தடவ அப்படியே காக்காய்க்கு தான் போச்சு. ஒரு புது ருசி பிள்ளைக்கு பழக எட்டுல இருந்து பதினஞ்சு தடவ வரைக்கும் கண்ணுல வாயில படணும்ண்டு இத ஆராய்ச்சி பண்ணுனவங்க சொல்றாங்க, நாம ரெண்டாவது தடவயே "இவளுக்கு பிடிக்காது"ண்டு முடிவு கட்டிருறோம். தட்டுல ஒரு ஸ்பூன் தான் வைப்போம், தின்னா தின்னட்டும் இல்லாட்டி போகட்டும், கெஞ்சுறது கிடையாது. ஒரு நாள் மாங்காயும் தேங்காயும் பொடிசா நறுக்கிப் போட்டப்ப, மாங்காய பொறுக்கப் போயி கூடவே பயறும் உள்ள போயிருச்சு. "சுண்டல் தின்னா சாக்லேட் தாரேன்" ண்டு மட்டும் சொல்லிறாதீங்க, சுண்டல் தண்டனை, சாக்லேட் பரிசுண்டு நாமளே சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிரும், நான் சொல்லி பட்டுட்டேன்.

"என்ன வேணும்"ண்டு கேட்டா கண்டிப்பா பாக்கெட் தான் வரும். "கொய்யாவா கடலையா"ண்டு கேளுங்க, ரெண்டுல எதச் சொன்னாலும் நமக்கு லாபம், அவனுக்கும் நாம தான் முடிவு பண்ணோம்ண்டு ஒரு கெத்து.

இன்னொண்ணு பண்ணேன், இது நல்லா வேலை செஞ்சுச்சு. மாம்பழ ஜூஸ் டப்பா ஒண்ண எடுத்து பின்னாடி இருக்கறத படிக்கச் சொன்னேன். 100 மில்லிக்கு 13 கிராம் சீனி, டப்பா 160 மில்லி, கூட்டிக் கழிச்சா 21 கிராம் பக்கம். ஒரு டீஸ்பூன் சுமாரா 4 கிராம், சரி அளந்து போடுண்டேன். ஒரு டம்ளர்ல ஒண்ணு ரெண்டுண்டு அஞ்சு ஸ்பூன் சீனிய கொட்டிட்டு, கொஞ்ச நேரம் டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தா. நான் ஒண்ணும் சொல்லல. இப்ப எந்த பாக்கெட்டா இருந்தாலும் திருப்பிப் பாக்குறா, எடை அதிகமா போட்ட பொருள் தான் லிஸ்ட்ல மொதல்ல வரும்ண்டு சொல்லி வச்சிருக்கேன், "அப்பா இதுல ரெண்டாவதே சீனி"ண்டு கஸ்டமர் முன்னாடியே கத்துவா, மானம் போகுது. பால்ல கலக்குற பவுடரயும் பாத்துருங்க, 2024 ஏப்ரல்ல மத்திய அரசே ஆன்லைன் கடைகள்ட்ட அந்த மாதிரி ஐட்டத்தெல்லாம் ஹெல்த் ட்ரிங்க் லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்லிருச்சு. அதே மாதிரி நாட்டுச்சக்கரை, கருப்பட்டி போட்டா எம்புட்டு வேணாலும் திங்கலாம்ண்டு ஒரு கூட்டம் சுத்துது, நம்பாதீங்க, உடம்புக்குள்ள போனா அதுவும் சீனி தான். கோவில்பட்டி கடலை மிட்டாய் எனக்கு உயிரு, அதுக்காக நாளைக்கு நாலு குடுக்க முடியுமா.

பாக்கெட்ட மொத்தமா நிறுத்தல. சனிக்கிழமை ஒண்ணு, அவளே கடைல வந்து எடுத்துக்கலாம், ஒளிக்க வேணாம். பூண்டு மூட்டைக்குப் பின்னாடி அதுக்கப்புறம் ஒண்ணும் சிக்கல, வேற எடத்துல வச்சிருக்காளோ என்னமோ, தேடவும் இல்ல.

கடைலயும் சரத்தெல்லாம் தூக்கி மேல கட்டிட்டு, கடலை மிட்டாய், பொரி உருண்டை, எள்ளுருண்டை பாட்டில எறக்கி முன்னாடி வச்சேன். கடலை மிட்டாய் பாட்டில் முன்ன காலியாக மூணு வாரம் ஆகும், இப்ப ஒரு வாரத்துல ஆயிருது. பாக்கெட்டும் விக்கத் தான் செய்யுது, பொய் சொல்லல, ஆனா கேட்டு வாங்குறாங்க, எட்டி இழுக்குறதில்ல. உங்க வீட்டுலயும் இத செஞ்சு பாருங்க, பிரிட்ஜ்ல கீழ்த்தட்டு, அலமாரில பையன் கைக்கு எட்டுற எடம், அங்க பழமும் அவிச்சதும் இருக்கட்டும், பாக்கெட்ட மேல வைக்கிறதுக்கு பதிலா வீட்டுக்கே கொண்டு வராதீங்க. நீங்க டிவி முன்னாடி உக்காந்து மிக்சர் பாக்கெட்ட பிரிக்கிறதும் இதுல சேத்தி தான்.

தாத்தா அப்பத்தா வாங்கித் தர்றாங்கண்டா சண்டைக்குப் போகாதீங்க. எங்க ஐயா ஊர்ல இருந்து வர்றப்ப ஒரு பை நெறைய பாக்கெட்ட தூக்கிட்டு வருவாரு, கடை வச்சிருக்கவன் வீட்டுக்கு! "ஐயா, அவளுக்கு நவ்வாப்பழம்னா உசுரு, நம்ம பக்கம் கிடைக்குதா"ண்டு ஒரு தடவ கேட்டு வச்சேன், இப்ப சீசன்ல ஓலைக் கொட்டான்ல கொண்டாந்து எறக்கிருறாரு, பேத்தி நாக்க நீட்டி ஊதாவா காட்டுனா அவருக்கு அதுல ஒரு சந்தோசம்.

ஒண்ணு மட்டும் கவனம், வீட்டுல நாலு வயசுக்கு கீழ கைப்பிள்ளை இருந்தா முழுக் கடலைய தட்டுல வச்சிட்டு நகராதீங்க, தொண்டையில சிக்கிரும், அதுக்கு தனியா கிழங்கு மசிச்சுக் குடுங்க.