பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்க எந்த ஃபிளாஷ்?

கேள்வி: கேனான் 200டி மார்க் 2 கேமராவில் 55-250 லென்ஸையும், அதன் முன்னால் ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்னும் உருப்பெருக்கி லென்ஸையும் மாட்டிப் பூச்சிகளைப் படமெடுக்கிறேன். முசுறு எறும்புகள் அசைந்து மங்கலாகிவிடுகின்றன. கேமராவிலேயே உள்ள ஃபிளாஷைப் பயன்படுத்தினால் பொன்வண்டின் முதுகு வெள்ளையாக வெளுத்துப்போகிறது. ரூ. 7,000 அளவில் ரிங் ஃபிளாஷ் வாங்கலாமா?

பதில்: ரிங் ஃபிளாஷ் வேண்டாம். அந்தப் பெயரில் மலிவாக விற்கப்படுபவற்றுள் பல வெறும் எல்இடி வளையங்களே. அவற்றின் வெளிச்சம் எஃப்/11 போன்ற சிறிய லென்ஸ் துவாரத்துக்குப் போதாது. உண்மையான ரிங் ஃபிளாஷாகவே இருந்தாலும், லென்ஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் சமமாக ஒளி விழுவதால் உடலின் மேடு பள்ளங்கள் தட்டையாகிவிடும். பொன்வண்டின் முதுகில் அந்த வளையமும் அப்படியே பிரதிபலிக்கும்.

கேமராவின் மேல் தனியாக மாட்டும் ஃபிளாஷான சாதாரண ஸ்பீட்லைட் ஒன்றே போதும். ஆனால், வாங்கும் முன் உங்கள் கேமராவின் ஹாட் ஷூவை, அதாவது மேலே ஃபிளாஷ் மாட்டும் இடத்தைப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் அதன் நடுவே இருக்கும் உலோகப் புள்ளி உங்களுடையதில் இருக்காது. கேனான் அதை இந்த மாடலில் நீக்கிவிட்டதால், எல்லாக் கேமராக்களுக்கும் பொதுவான கோடாக்ஸ் டிடி600, யாங்னுவோ ஒய்என்560 போன்ற மேனுவல் ஃபிளாஷ்களை மேலே மாட்டினால் அவை எரியாது. கேனானுக்கென்றே வரும் கோடாக்ஸ் டிடி350சி போன்ற சிறிய ஃபிளாஷைத் தேர்ந்தெடுத்து, கடையிலேயே உங்கள் கேமராவில் மாட்டிச் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். நண்பரிடம் டிடி600 இரவல் கிடைத்தால் அதற்கும் வழி உண்டு: அதை எஸ்2 என்னும் ஸ்லேவ் நிலையில் வைத்துக் கையில் பிடித்துக்கொண்டால், கேமராவின் சொந்த ஃபிளாஷ் மின்னும்போது அதுவும் சேர்ந்து எரியும். பிலிம் காலத்துப் பழைய ஃபிளாஷ்களை மட்டும் தொடாதீர்கள். சிலவற்றின் ட்ரிகர் வோல்டேஜ், அதாவது கேமராவின் இணைப்புப் புள்ளியில் வரும் மின்னழுத்தம், 200 வோல்ட்டையும் தாண்டும் என்பதால் கேமராவே பழுதாகலாம்.

சிறிய ஃபிளாஷின் சக்தி போதுமா என்று தயங்க வேண்டியதில்லை. ரேனாக்ஸ் மாட்டிய லென்ஸுக்கும் பூச்சிக்கும் இடையே ஏறத்தாழ 12 செ.மீ.தான் இருக்கும், தூரம் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். எனவே முழுச் சக்தியில் 1/16 பங்கே பெரும்பாலும் போதும். சக்தியைக் குறைக்கக் குறைக்க ஃபிளாஷ் எரியும் நேரமும் சுருங்கி, 1/1000 நொடியைவிட மிகக் குறைவாகிவிடுவதால், ஓடும் முசுறும் உறைந்து நிற்கும். ஷட்டர் 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ 100 அல்லது 200 என்று தொடங்குங்கள். இந்த அமைப்பில் பின்னணி கறுத்துவிடுவது இயல்பு. பூச்சிக்குச் சற்றுப் பின்னால் ஓர் இலை இருக்கும் கோணத்தைத் தேடினால் அது பச்சையாக மாறும்.

இனி பொன்வண்டின் முதுகு. நீங்கள் வெளுப்பு என்று சொல்வது, ஃபிளாஷின் சின்னஞ்சிறு முகம் கண்ணாடியில் தெரிவதுபோல் அந்த முதுகில் தெரிவதுதான். விலையுயர்ந்த ஃபிளாஷ் வாங்கினாலும் அது மறையாது. பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ஒளி வரும் பரப்பு பெரிதாகத் தெரிய வேண்டும். டிவி பெட்டிக்குள் சுற்றிவரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாளை 20 செ.மீ. அகலத்துக்கு வெட்டி, லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளையிட்டு, பூச்சியின் மேல் கூரைபோல் வளைந்து நிற்குமாறு மாட்டுங்கள். ஃபிளாஷ் முகத்தருகே இன்னொரு துண்டை ஒட்டி, இரண்டுக்கும் இடையே இடைவெளி விட்டால், நடுவில் மட்டும் பளிச்சென்று தெரியும் திட்டும் பரவிவிடும். என் அனுபவத்தில், ஃபிளாஷை மாற்றியபோது கிடைத்ததைவிட, இந்தத் தாளைப் பூச்சிக்கு 2 செ.மீ. நெருக்கமாகக் கொண்டுவந்தபோது கிடைத்த மாற்றமே பெரிது.

மிச்சமாகும் பணத்தில், மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ பேட்டரிகள் நான்கு வாங்குங்கள். டிடி350சி-க்கு இரண்டே போதும். மற்ற இரண்டும் பையில் இருக்கட்டும்.