புழுதி காய்ந்தால் எரு வேண்டாமா?

விருதுநகர் பக்கம் 4 ஏக்கர் மானாவாரிக் கரிசல் வைத்திருக்கும் வாசகரின் கேள்வி: “‘தொடிப்புழுதி கஃசா உணக்கின் பிடித்தெருவும் வேண்டாது’ (ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய்ந்தால் ஒரு பிடி எருவும் வேண்டாம்) என்று குறளே (1037) சொல்கிறதே. கோடை உழவு போட்டுவிட்டு இந்த வருஷம் தொழுவுரத்தை விட்டுவிடலாமா?”

விடாதீர்கள். அடுத்த குறளே ‘ஏரினும் நன்றால் எருவிடுதல்’ என்கிறது. ஒரு பலம் புழுதி கால் பலமாகக் காய்வதைத் தராசில் தேட வேண்டாம். சேறாக இருந்த மண்கூட முக்கால் எடை குறையாது. நன்றாக ஆறப்போடு என்பதுதான் சேதி. காய்ந்த மண் முதல் மழையில் நனையும்போது நுண்ணுயிர்கள் பெருகி, மண்ணில் மக்கிக் கிடக்கும் தழை, வேர்களில் இருக்கும் தழைச்சத்தைச் (நைட்ரஜனை) சட்டென்று விடுவிக்கும். பயிர் கருகருவென்று வரும். ஆனால் அது கையிருப்பைக் கரைப்பது. ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போட்டே ஆகவேண்டும்.

உழவு கோடை மழைக்குப் பிறகு. ஒரு சாண் ஆழத்து மண்ணை உருண்டை பிடித்து இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். உதிர்ந்தால் ஏர் இறக்கலாம், அப்பிக்கொண்டால் பொறுங்கள். சரிவுக்குக் குறுக்கே, கொத்துக் கலப்பையால் உழுது கட்டியாகவே விடுங்கள்.

டிராக்டர்காரர், மண்ணைப் பொடியாக்கும் சுழல் கலப்பையான ரோட்டவேட்டர்தான் நல்லது என்பார். மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவர் வேறென்ன சொல்வார்? கோடையில் அதை ஓட்டினால் மண் மாவாகி, பாதி காற்றோடு போகும். மீதி முதல் மழையில் அடைபட்டு ஓடு கட்டும், தண்ணீர் இறங்காது. எரு தரகரும் இதே ரகம். லோடு கணக்கில் பேசி, ஈரச் சாணியையும் செம்மண்ணையும் கலந்து கொட்டுவார். எடை போட்டு வாங்குங்கள். கையில் எடுத்தால் சூடும் சாணி நாற்றமும் இருக்கக் கூடாது.

கோடை உழவுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு, அடியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) இருக்கும் நிலம். உழுவதற்கு முன் நாலு மூலையிலும் நடுவிலும் கடப்பாரையால் ஒரு அடி தோண்டிப் பாருங்கள். வெள்ளைக் கற்கள் வந்தால் நசுக்கி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. அந்தத் துண்டில் ஆழ உழவே கூடாது. சுக்கான் மேலே வந்தால் இரும்பு, துத்தநாகச் சத்துகள் பயிருக்குக் கிட்டாமல் கொழுந்து வெளுக்கும். பிரட்டிப் போட்டதைத் திரும்பக் கீழே அனுப்ப வழியில்லை. அங்கே நாலு விரல்கடைக்கு மேல் கலப்பை இறங்க வேண்டாம்.

மண் பரிசோதனைக்கு எரு போடும் முன்பே, பத்துப் பதினைந்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்தில் எடுத்துக் கலந்து அரை கிலோ கொடுங்கள். பங்குனியிலேயே கொடுத்துவிடுங்கள், ஆவணியில் கொடுத்தால் முடிவு சொல்லும் மண்வள அட்டை உங்கள் கைக்கு வரும்போது விதைப்பு முடிந்து களையெடுப்பு நடந்துகொண்டிருக்கும்.