பதிப்பு ஒப்பந்தம்: கையெழுத்துக்கு முன் சில கேள்விகள்

பதிப்பாளருக்கு உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடவே இல்லை. அப்படியானால் நிரந்தரமா? (திண்டுக்கல்)

இல்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19-இன்படி, காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு. இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இருந்தாலும் எழுதி வாங்குங்கள். 3 ஆண்டு போதும்.

ராயல்டி அச்சிட்ட விலையில் 10 சதவீதமா, நிகர வருவாயில் 10 சதவீதமா? (ஈரோடு)

அச்சிட்ட விலையில் கேளுங்கள். 300 ரூபாய்ப் புத்தகத்துக்கு 30 ரூபாய் வரும். கடைக்கு 40 சதவீதம் கழிவு போனால், நிகரக் கணக்கில் 18 ரூபாய்தான். நூலக ஆணைப் பிரதிகளுக்கும் (நூலகங்களுக்காக மொத்தமாக வாங்கப்படுபவை) ராயல்டி உண்டு என்று தனியாக எழுதச் சொல்லுங்கள்.

என் நாவல் ஒப்பந்தத்தில் ‘அனைத்து உரிமைகளும்’ என்று ஒரு வரி இருக்கிறது. வழக்கமான வரிதான் என்கிறார் பதிப்பாளர். (நாகர்கோவில்)

வழக்கமாகிவிட்டது என்பதுதான் கொடுமை. இந்த வரியைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. அவர் போடப்போவது தமிழ்ப் புத்தகம். தமிழில் அச்சிடும் உரிமை போதும், மிஞ்சினால் மின்னூல். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம், இணையத் தொடர் எல்லாம் அவருக்கு எதற்கு? நாளை ஓர் இயக்குநர் உங்கள் கதையைக் கேட்டு வந்தால், விலை பேசுவது பதிப்பாளராக இருக்கும். ‘பதிப்புரிமை உள்ளவரை’ என்றும் சேர்த்திருந்தால், அது உங்கள் ஆயுளும் அதற்குப் பிந்தைய 60 ஆண்டும். பேரப்பிள்ளைகளுக்குச் சேர வேண்டியதையும் எழுதிக் கொடுக்கிறீர்கள்.

கடைசிப் பக்கத்தையும் பாருங்கள். ‘பிரிவு 19(4) பொருந்தாது’ என்று பொடி எழுத்தில் இருக்கலாம். எழுதிக் கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்கிற பிரிவு அது. சட்டம் எழுத்தாளருக்குத் தந்த காவலை அவர் கையாலேயே நீக்க வைக்கிறார்கள். இரண்டு வரிகளையும் அடித்துவிட்டு, ஓரத்தில் இருவரும் சுருக்கொப்பம் இடுங்கள். மறுத்தால் நாவலை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

போன மாதம் கையெழுத்திட்டேன். பிரதி தரவில்லை. என்ன எழுதியிருந்தது என்று நினைவில்லை. விலக முடியுமா? (சென்னை)

படிக்காமல் கையெழுத்திட்டு, பிரதியும் வாங்காமல் வந்தால், நான் எதை வைத்துப் பதில் சொல்வது? வீட்டை வாடகைக்கு விட்டால் இப்படித்தான் செய்வீர்களா? பிரதி கேட்டு விரைவுத் தபாலில் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கிடைத்ததும் வக்கீலிடம் காட்டுங்கள். மற்றவர்களுக்கு மறுபடியும் சொல்கிறேன்: படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு வாரம் வைத்துப் படியுங்கள்.

ஆங்கில மொழிபெயர்ப்பு உரிமையை விற்றுத் தருவதாகச் சொல்லும் முகவர், கதையைப் படிக்கவே 5,000 ரூபாய் கேட்கிறார். (மதுரை)

நல்ல முகவர் விற்ற பிறகுதான் பங்கு எடுப்பார். ஏறத்தாழ 15 சதவீதம், வெளிநாட்டு விற்பனைக்கு 20. முன்பணம் கேட்பவர் வேண்டாம். யாரோடு ஒப்பந்தம் செய்தாலும், ஓராண்டில் விற்காவிட்டால் விலகிக்கொள்ளலாம் என்ற வரி இருக்க வேண்டும். அதையும் ஒரு வாரம் வைத்துப் படியுங்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கு 3,000 ரூபாய் கேட்கிறார்கள். (தஞ்சாவூர்)

இந்தியாவில் அந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. கொடுக்காதீர்கள்.